கிள்ளைப் பொங்கலும் ஒரு கல்யாண டேப்பும்

உண்மையை உலகத்துக்கு, குறைந்தபட்சம் என் மச்சானுக்காவது, நிரூபிக்காமல் ஓய்வதில்லை என்று மார்கழி முதல் தேதி சபதம் எடுத்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு பொங்கலும் சிதம்பரத்தில், மாமியார் வீட்டில். கிள்ளையில் இருக்கும் என் அக்கா பொன்னி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த முறை என்னிடம் சாட்சி இருந்தது. வைகாசியில் மச்சான் செம்பியன், அதாவது என் மனைவியின் தம்பி, கல்யாணத்தை என் சொந்த டிஜிட்டல் கேமராவில் நானேதான் எடுத்தேன். பந்தி நடக்கும்போது என் மனைவி மலர்க்கொடி கேமராவுக்கு முன்னால் வந்து நின்று, "இந்தப் பொங்கலுக்கு கிள்ளைக்குப் போலாம்" என்றாள். அந்த டேப் ஏழு மாதமாக பீரோவில் கிடந்தது.

"நான் எப்ப சொன்னேன்?" என்றாள் மலர் இப்போது.

"டேப்புலயே இருக்கு."

"இருந்தா காட்டுங்க. கேமரா ஸ்பீக்கர்ல வேணாம், காதுல விழாது. டிவிடியா போடுங்க. ஞாயித்துக்கெழம செம்பியன் வர்றான், அவன் முன்னாடியே பாத்துரலாம்."

"பாத்துரலாம்!"

கேமராவைக் கம்ப்யூட்டரில் சொருகி டேப்பை இறக்கினேன். பந்தியில் மலர் வந்தாள். உடனே முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. "இந்தப் பொங்" என்றாள். அப்புறம் வெறும் கரகர.

"யாருங்க அது, மொகத்துல மைசூர்பாக வெட்டி ஒட்டினாப்புல?"

"நீதான்!"

"அடையாளமே தெரியல. இது எப்படிச் சாட்சியாவும்?"

பக்கத்து வீட்டு தேவசகாயம் கல்யாண வீடியோ எடுக்கிறவர். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வைத்தியம் சொன்னார்.

"கேமராவுல டேப்பப் படிக்கிற ஹெட்டுல அழுக்கு சார். கிளீனிங் கேசட்டு தர்றேன், பத்து செகண்டு மட்டும் ஓட்டுங்க. டேப்பு எறங்கறப்ப கம்ப்யூட்டர்ல வைரஸ் தேடாதீங்க, வேற எந்த வேலயும் குடுக்காதீங்க. டிஸ்க்குல எடம் ஜாஸ்தி வேணும்."

எல்லாம் செய்தேன். உயிருக்கு உயிரான நானூறு பாட்டுகளை அழித்தேன். கரண்ட் ஏறி இறங்கக் கூடாதென்று மிக்ஸிக்கும் தடை போட்டேன். மலர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்று நாள் சட்னி இல்லாத இட்லி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சதுரங்கள் ஒழிந்தன. ஆனால் தாலி கட்டும்போது ஒழுங்காக இருந்த சத்தம், பந்திக்கு வருவதற்குள் பத்து விநாடி பின்தங்கிவிட்டது. மலர் வாயை அசைத்துவிட்டுப் போய்விட்டாள். கேமரா திரும்பி, வடை மென்றுகொண்டிருந்த அவள் பெரியப்பாவைக் காட்டியது. "இந்தப் பொங்கலுக்கு கிள்ளைக்குப் போலாம்" என்றார் பெரியப்பா, பெண் குரலில்.

"கேட்டியா!" என்று அங்கேயே நிறுத்தினேன்.

"கேட்டேன். பெரியப்பா ஆசப்படுறாரு. அவரக் கூட்டிக்கினு போங்க."

விடுவேனா? மறுபடி மதில்.

"ஆடியோ மெனுவப் பாருங்க சார். சத்தத்த கேமரா பன்னெண்டு பிட்டுல எடுத்திருக்கும், கம்ப்யூட்டர் பதினாறுன்னு நெனச்சிக்கினு இருக்கும். ரெண்டயும் ஒண்ணாக்குங்க."

அதுதான் வியாதி. சரிசெய்து முழு டேப்பையும் புதிதாக இறக்கினேன். தவிலில் குச்சி பட்ட நொடியிலேயே சத்தம்! ஆனந்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சத்தைப் போட்டுப் பார்க்கப் பொறுமையில்லை. டிவிடி போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. சோபாவில் செம்பியன். ரிமோட் என் கையில். டிவியில் மலர், உதடும் குரலும் ஒன்றாக: "இந்தப் பொங்கலுக்கு கிள்ளைக்குப் போலாம்."

"மச்சான், இப்ப நீயே சொல்லு!" என்று துள்ளி எழுந்தேன்.

"அக்கா இன்னும் பேசுறாங்க மாமா, உக்காருங்க."

"ஆனா தீபாவளிக்குள்ள இந்தக் கல்யாணத்த டிவிடி போட்டு எங்க அம்மாகிட்ட குடுத்துரணும். குடுக்கலன்னா பொங்கலு சிதம்பரத்துலதான். சம்மதமா?"

தீபாவளி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டென்று ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். மலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிவிடி உறைமேல் அவள் அம்மா பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏழு மாசமா டிவிடி கேட்டாங்கடா அம்மா. நான் சொல்லவேயில்லன்னு இவருகிட்ட ஒரு வார்த்த சொன்னேன், அஞ்சே நாள்ல ரெடி" என்றாள் தம்பியிடம்.

"நான் எதுக்கும் சம்மதிக்கல!" என்று கத்தினேன்.

செம்பியன் ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினான். கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல், ஒரு சதுரம் இல்லாமல், ஒரு விநாடி பிசகாமல், மண்டபச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது: "சரி சரி, சம்மதம். நவுரு, பந்திய மறைக்குற."