பூராயத்தாரின் சிவந்த பஞ்சு

யுத்த காலத்துத் திருகோணமலையில் சனம் நடுங்கியது இரண்டே இரண்டு பேருக்குத்தான். ஒருவர் அடையாள அட்டை கேட்கும் சிப்பாய். மற்றவர் மூதூர் போகும் லோஞ்ச் படகுக்கு இறங்குதுறையில் ரிக்கற் கொடுத்த பூராயத்தார். இரண்டு பேரில் எவர் மோசம் என்று கேட்டால் பூராயத்தார்தான் என்பேன். சிப்பாயாவது அட்டையைப் பார்த்துவிட்டு ஆளை விட்டுவிடுவான்.

பூராயம் என்றால் ஒருவரின் ஊர், உறவு, பூர்வீகம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பது. ரிக்கற் கிழிக்குமுன் இவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு தொடங்குவார். "நீங்கள் ஆரின்ர பிள்ளை? தகப்பன் எவடம்? தோப்பூரோ? அப்ப தகப்பன்ர தகப்பன் ஆர்?" லோஞ்ச் ஊதிக்கொண்டு நிற்கும். பின்னால் வரிசை வெயிலில் காயும்.

நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று எவன் கேட்டாலும் சனம் பதில் சொல்ல அஞ்சிய காலம் அது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இராணுவத்துக்குத் தலையசைத்து ஆள் காட்டிக் கொடுக்கும் தலையாட்டிகளின் காலம். இந்த மனிதர் முகத்தைக்கூட மூடாமல் கேட்கிறாரே என்று சனம் மிரண்டது. ஒருமுறை ஒரு வியாபாரி பயத்தில் வாய்க்கு வந்த யாரோ ஒருவரைத் தன் தகப்பன் என்று சொல்லிவிட்டார். பூராயத்தார் விட்டால்தானே!

"அவருக்குக் கலியாணமே ஆகேல்லையே!" என்று இறங்குதுறை முழுக்கக் கேட்கக் கத்தினார். வியாபாரி ரிக்கற்றும் வேண்டாம் மூதூரும் வேண்டாம் என்று ஓடிவிட்டார்.

நான் அப்போது துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கர். எங்கள் தொலைபேசிக்குத்தான் பூராயத்தாரின் அக்கா மகன் கனடாவிலிருந்து அழைப்பான். ஒருநாள் பேசி முடித்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதருகே குனிந்தார். வெற்றிலை வாசம் மூக்கைத் துளைத்தது.

"கிளாக்கர், எனக்கொரு தம்பி இருந்தவன். ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் பூர்வீகம் முழுவதையும் கறந்த மனிதர், தன் வீட்டுக் கதையில் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. தம்பி கலவரக் காலத்தில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவன். கரை சேர்ந்தான் என்று ஒருவர் சொன்னார், சேரவில்லை என்று இன்னொருவர். சேர்ந்திருந்தால் அங்கிருந்து வேறு யாருடைய கடவுச்சீட்டிலாவது எந்த நாட்டுக்காவது போயிருப்பான். அப்படிப் போனவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் பெயரே மறந்துவிட்டது. பெயரை வைத்துத் தேட ஏலாது. ஆனால் இரத்தம் பெயர் மாற்றாது என்று மருமகன் சொல்லியிருந்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டி அனுப்பினால், அதை வைத்தே இரத்த உறவைக் கண்டுபிடிக்கும் சோதனை வெளிநாட்டில் வந்திருக்கிறதாம்.

அடுத்த அழைப்பில் பூராயத்தார் ரிசீவரை எனக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"டேய் மருமோன், உன்ர கன்னத்தையே சுரண்டினால் என்ன?"

"ஏலாது மாமா. இந்தச் சோதினை தகப்பனிட்டயிருந்து மகனுக்கு, மகனிட்டயிருந்து அவன்ர மகனுக்கு எண்டு ஆம்பிளை வழியில போறதை மட்டும் பாக்கும். நான் அம்மா வழி. என்னைச் சுரண்டினால் என்ர அப்பான்ர ஆக்கள்தான் வருவினம். நீங்களும் சின்ன மாமாவும் ஒரு தகப்பன் பிள்ளையள். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும்."

"ஊர் சொல்லுமோ?"

"சொல்லாது."

"சாதி?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியாது மாமா."

"பிறகென்ன விஞ்ஞானம்?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கனடாவிலிருந்து பஞ்சுக் குச்சிப் பொதி வந்தபோது கைகூப்பித்தான் வாங்கினார்.

சுரண்டுமுன் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பது கட்டளை. பூராயத்தார் கந்தசஷ்டி விரதம்போல அனுசரித்தார். விடிய முழுகினார், திருநீறு பூசினார், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பசியை அடக்க வெற்றிலை மட்டும் போட்டுக்கொண்டார். வெற்றிலையை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? பஞ்சு வெளியே வந்தபோது குங்குமச் சிமிழில் தோய்த்த மாதிரி இருந்தது. அதைப் பொதியோடு வந்த சின்னக் குப்பிக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் தபாற்கந்தோருக்குப் புறப்பட்டோம்.

அன்று காலைதான் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. திரும்பிவிடுவோம் என்றேன். கேட்டால்தானே!

சோதனைச் சாவடியில் சிப்பாயின் கை அவர் சட்டைப் பையில் பட்டதும் நின்றது. ஒரு தமிழனின் பையில் சின்னக் குப்பி என்றால் அந்த நாளில் இயக்கப் போராளிகள் பிடிபட்டால் கடிக்கும் சயனைட்தான். அதற்குள் சிவப்பாக வேறு ஏதோ.

"லே!" என்று கத்தினான். சிங்களத்தில் இரத்தம் என்கிறான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

"ரத்தம் இல்ல சேர், வெத்திலை!" என்று பூராயத்தார் ஆதாரம் காட்ட வாயை ஆவென்று திறந்தார். குப்பி வைத்திருப்பவன் வாய் திறந்தால் யார்தான் பொறுப்பார்கள்? துவக்குமுனை அவர் நெஞ்சில் அழுந்தியது.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். "எதுக்கு இது?"

"சீனி வருத்தம் சோதிக்க, சேர்" என்று நான் முந்திக்கொண்டேன். நல்ல பொய். அதோடு தப்பியிருப்போம்.

"இல்ல சேர்" என்றார் பூராயத்தார். "காணாமல் போன என்ர தம்பியைத் தேட."

அந்த ஊரில், அந்த வருடங்களில், இராணுவத்திடம் அப்படிச் சொன்னவர்களுக்கு அடுத்த கேள்வி ஒன்றுதான்: தம்பி எந்த இயக்கம்? அதிகாரி அதையே கேட்டார். தம்பி ஐஸ்பழம் விற்றவன் என்றார் இவர். எங்களை முழங்காலில் இருத்தினார்கள். மதியம் தாண்டிய பிறகு குப்பியை நெருப்பில் போட்டுவிட்டு, போகச் சொன்னார்கள். ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உங்களுக்கு விசரோ அண்ணை?" என்று வழியெல்லாம் கத்தினேன்.

அவர் முழங்கால் புழுதியைத் தட்டினார். "இவ்வளவு காலத்தில அவனைப் பற்றி ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை, கிளாக்கர். கேட்டவுடன வாயில வந்திட்டுது."

மிச்ச வழி நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மருமகன் இன்னொரு பொதி அனுப்பினான். இம்முறை பூராயத்தார் வெற்றிலையைத் தொடவில்லை. அந்த நாட்களில் அவரிடம் ரிக்கற் வாங்கப் போனவர்கள், பூர்வீகம் கேட்டாலும் பரவாயில்லை, கடிக்காமல் விட்டால் போதும் என்றார்கள். பஞ்சு வெள்ளையாக வந்தது. எங்கள் கந்தோரின் கொழும்புத் தபால் பைக்குள் அதை நானே வைத்தேன். பை கொழும்பு சேரும்வரை, வாசலில் வாகனம் நின்றாலே எனக்கு வியர்த்தது.

சோதனை முடிவு வந்த மாலை, பூராயத்தார் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மாமா, ஒருத்தரோடயும் பொருந்தேல்ல" என்றான் மருமகன்.

அவர் கதிரையில் மெல்ல இருந்தார்.

"ஆனா மாமா, அதுக்காக ஆள் இல்லை எண்டு அர்த்தமில்லை. தங்கட கன்னத்தைச் சுரண்டிக் குடுத்த ஆக்களுக்குள்ளதான் தேட ஏலும். அவர் குடுத்திருக்காட்டில் வரமாட்டார்."

பூராயத்தார் கதிரையில் நிமிர்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப அவன் இன்னும் சுரண்டேல்ல! சின்னனிலயும் அப்பிடித்தான் கிளாக்கர், பல்லு விளக்கவே ரெண்டு தரம் சொல்லவேணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே தம்பியின் கதையை ஐந்து வயதிலிருந்து தொடங்கினார். வெளியே கடைகள் சாத்தும் சத்தம் கேட்டது. இருட்டினால் வீடு போய்ச் சேருவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். ஆனாலும் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்: "பிறகு, அண்ணை?"