மாப்பிள்ளையாகிப்போன ஆட்டக்காரன்

திண்டிவனம்,
வெகுதானிய வருஷம், கார்த்திகை மாதம்.

விழுப்புரம் மகா-ள-ள-ஸ்ரீ கோதண்டபாணி மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கெங்கம்மாளைக் கட்டிக்கொண்ட பாண்டுரங்கன் எழுதுவது. இவ்விடத்தில் என் ஒருவனைத் தவிர எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை நான் விசாரிக்கவேண்டியதில்லை. அடுத்தவன் ஆட்டக்காரனை வீட்டுக்குள் உட்காரவைத்து அதிரசம் போடுகிறவருக்குச் சுகத்தில் என்ன குறை?

சடுகுடு ஆட்டம் சித்திரையோடு முடிந்து மறுபடி தையில் தொடங்குகிறது. நடுவில் இருக்கிற மாசங்களில் மற்ற ஊர் மானேஜர்கள் தங்கள் மல்லாட்டைக் கொல்லையைப் பார்ப்பார்கள். விழுப்புரம் மானேஜராகிய நீங்கள் என் ஆட்களைப் பார்க்கிறீர்கள். போன வருஷம் எங்கள் முத்துசாமியை வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சவுரிராயனைக் கொடுத்தீர்கள். நல்ல பிடிக்காரன்தான். ஆனால் நாலு பந்தயம் இருந்த மாசி, பங்குனி முழுக்க அவனுக்குக் கிறிஸ்தவர்களின் தவசுக்காலம், ஒரு வேளைக் கஞ்சி. பிடித்த பிடியிலேயே மயங்கி விழுந்து, எதிராளியே தண்ணீர் தெளித்து எழுப்பினான். அவன் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டே என் தலையில் கட்டினீர்களே, உங்களைச் சொல்கிறேன்.

சரி, அது போகட்டும் என்று இருந்தேன். இந்த ஆவணியில் என் அண்ணன் மகன் வேங்கடேசனுக்கு உங்கள் மூத்த பெண் ஜெயத்தைக் கொடுப்பதாக நீங்களே வந்து கேட்டபோது, நம் பக்கத்தில் அவனைப்போல் சடுகுடு பாடிப்போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் தெரியாதா? தெரிந்தும் நான் நம்பினேன். ஆட்டக்காரன் எந்த மானேஜர் கையால் வெற்றிலை பாக்கு வாங்குகிறானோ அந்த வருஷம் அந்த ஊருக்குத்தான் ஆடவேண்டும், இது நம் ஜில்லா வழக்கம். நிச்சயத்தன்று தட்டை நீங்கள் நீட்ட, பக்கத்தில் நின்ற நான் பல்லை இளித்துக்கொண்டு, "வாங்கிக்கடா, இனிமே நீ அவங்க வூட்டுப் புள்ளை" என்று சபையறியச் சொல்லித் தொலைத்தேன். கல்யாணம் முடிந்து தலைதீபாவளிக்குப் போனவன் திரும்பவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், "கல்யாணத்துக்கு ஒண்ணு, ஆட்டத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு தட்டா வெப்பாங்க? அதுக்கும் இதுக்கும் சேத்துதான் வாங்கினான். ஒங்க மானேஜரே சாட்சி" என்று சொல்லி அனுப்பினீர்களாம். வயிறு எரிகிறது மச்சான்!

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? உங்கள் தங்கை, "மாப்ளையை நாலு நாளு வெச்சிக்கினு சோறு போட்டா அது குத்தமா? எங்க அண்ணனைப் பேசினா கேப்பைக் களிகூட கிண்டமாட்டேன்" என்கிறாள். எங்கள் ஆட்டச் சபையிலோ, ஆளைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு மானேஜர் பட்டம் எதற்கு என்று கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாளில் உங்களோடு நடக்கிற பந்தயத்தில் தோற்றால், அன்று சாயங்காலமே நான் விலகிக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தி வளர்த்த கோஷ்டி. எனக்கு அழுகையே வருகிறது.

ஆகையால் இதோ முடிவு. கரிநாள் பந்தயம் கிடையாது. உங்கள் தங்கை பொங்கலுக்கு அங்கே வரமாட்டாள். உங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். உங்கள் சம்சாரம் லட்சுமியம்மாள் அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தை ஜெயம் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். உங்களுக்கு என் ஆசீர்வாதமும் இல்லை, நமஸ்காரமும் இல்லை.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் சமயம் வேங்கடேசனும் ஜெயமும் பாசஞ்சரில் இறங்கி மூட்டையோடு வந்து நிற்கிறார்கள். பையன் முகத்தில் களையே இல்லை. "சித்தப்பா, அங்க பழக்க ஆட்டத்துல பாடிக்கினு போறேன், ஒருத்தனும் என்னைத் தொடமாட்டேங்கறான். ஊரு மாப்ளை காலைப் புடிச்சி இழுத்துட்டு, அப்புறம் ஒங்க மாமனாரு மொகத்துல எப்பிடி முழிக்கறதுன்னு ஒதுங்கி நிக்கறாங்க. கோட்டாண்ட வந்தா, பாத்துப் போங்க மாப்ளைன்னு வழி விடறாங்க. பேஜாராப் போச்சி. யாரனா என்னை மண்ணுல போட்டு அமுக்குங்க" என்று அழாத குறையாகக் கேட்டான். உடனே ஐந்து பேரை விட்டு அமுக்கினோம். எழுந்து சிரித்தான். அந்தத் தட்டு கல்யாணத்துக்கு மட்டும்தான் என்று சொல்லி, ஆட்டத்துக்கு என் கையால் வேறு தட்டு வாங்கிக்கொண்டான். இனி இங்கேதான் ஆடுவானாம், ஜெயமும் சம்மதித்துவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். கரிநாள் பந்தயம் கட்டாயம் உண்டு. மாப்பிள்ளைக்கு உங்கள் ஊரார் காட்டுகிற மரியாதையை அன்றைக்கும் குறைக்காமல் காட்டச் சொல்லவும். உங்கள் இரண்டாவது பெண் பொன்னிக்கு வரன் பார்ப்பதாக உங்கள் தங்கை சொல்கிறாள். பாடிப்போவதில் வேங்கடேசனுக்கு அடுத்த ஆள் எங்கள் கோஷ்டி நடராசன்தான். முறையும் சரியாக இருக்கிறது. மார்கழி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, ஜல்தியாக இந்த மாசமே முடித்துவிடலாம். கரிநாளுக்கு இரண்டு மாப்பிள்ளைகளையும் நானே அழைத்து வருகிறேன்.