சக்கரபாணி என்று யாரும் இல்லை

"உன் சொந்தப் பேரு சக்கரபாணியா? மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார் தபால்காரர். "மஞ்சக்குப்பத்து சர்க்கார் ஆபீசுலேருந்து கார்டு வந்துது. அப்படி யாரும் இல்லன்னு உங்க முதலாளி திருப்பிட்டாரு."

இரண்டு வருஷம் காத்திருந்த பியூன் வேலைக்கான இண்டர்வியூ கார்டு அது. சக்கரபாணி அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

சிதம்பரம் மேலவீதிப் பாத்திரக்கடையில் ஆறு வருஷமாக அவன் பழனிவேல். ஊரார் பெயரையெல்லாம் குடத்திலும் தவலையிலும் உளியால் வெட்டுகிறவனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த முதலாளி தில்லைநாயகம், அவன் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"அது எங்கப்பா பேருப்பா. அதைச் சொல்லி, ‘டேய், தரையைக் கூட்டுடா’ன்னா என் நாக்கு அழுகிடும்."

இப்போது கார்டைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில்தான். "சக்கரபாணின்னதும் எனக்கு எங்கப்பாதான் நெனப்புக்கு வந்தாரு. அவரு போயி பன்னண்டு வருஷமாச்சு. அவருக்கு எதுக்குப்பா பியூன் வேலை?"

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மஞ்சக்குப்பம் போனான். குமாஸ்தா இரக்கப்பட்டார். "நீதான் சக்கரபாணின்னு வேலை பாக்குற எடத்துல லெட்டர் வாங்கிட்டு வா. வெள்ளிக்கெழமைதான் கடைசி."

முதலாளி மறுக்கவில்லை. கடை லெட்டர் தாளில் முத்து முத்தாக எழுதி, கவரில் போட்டு ஒட்டியே கொடுத்தார். மறுநாள் குமாஸ்தா பிரித்துப் படித்தார்.

"‘வணக்கத்துக்குரிய பெரியவர் சக்கரபாணி அவர்களை நான் பயபக்தியோடு அறிவேன்.’ யாருய்யா இந்தப் பெரியவரு? இருபத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டோமே."

"நான்தான் சார். முதலாளிக்கு அந்தப் பேரை மரியாதையில்லாம எழுத வராது."

குமாஸ்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதை ஆபீசர்கிட்ட காட்டுனா என்னைப் பாத்துத்தான் சிரிப்பாரு. நாளைக்கு வெள்ளி. உன்னைத் தெரிஞ்ச ஆளைக் கையோட கூட்டிட்டு வா."

கடையில் தராசு பிடிக்கும் பொன்னுரங்கத்தைக் காலில் விழாத குறையாகக் கூட்டிப்போனான். இருபது வருஷமாக அங்கே இருக்கிற மனிதர். வாயைத் திறந்தால் எடை மட்டும் வரும். பஸ்ஸில் வழி முழுக்க, "சக்கரபாணி, சக்கரபாணி" என்று அவருக்குப் பாடம் நடத்தினான். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"இவரு பேரு என்ன?" என்றார் குமாஸ்தா.

"பழனிவேலு சார்," என்றார் பொன்னுரங்கம்.

ஆறு வருஷப் பழக்கம், வேறென்ன வரும்? குமாஸ்தா ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சக்கரபாணிக்கு அழக்கூடத் தெம்பில்லை. நாளைக்கு மறுபடியும் அதே உளி, அதே தவலை. ஆலப்பாக்கம் தாண்டியபிறகுதான் பேச்சு வந்தது.

"போவட்டும் அண்ணே. முதலாளியைச் சொல்லிக் குத்தமில்ல. பெத்த அப்பன் பேரு மேல அவ்ளோ மரியாதை. இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"

பொன்னுரங்கம் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"என் சொந்தப் பேரு அந்தோணிசாமி, தம்பி. அதுவும் அவுங்கப்பா பேருன்னு சொல்லித்தான் முதலாளி மாத்துனாரு."