மஞ்சள் மீனுக்குப் படுக்கை

மஞ்சள் மீனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. படுக்கத்தான் இடமில்லை.

தொட்டியின் விளக்கு மங்கியதும் அது வழக்கம்போல் தலைகீழாகப் பாய்ந்தது. கீழே மணல் இருந்திருந்தால் வாலை ஒரு உதறு உதறி உள்ளே புகுந்து போர்த்திக்கொண்டிருக்கும். இருந்ததோ வெறும் கண்ணாடி. மூக்கை இடித்துக்கொண்டு திரும்பியது. பவளங்களைச் சுற்றி வந்து இன்னொரு மூலையில் முயன்றது. அங்கேயும் கண்ணாடிதான்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் பல்செட்காரர். அன்று காலையில் அடிமணல் முழுவதையும் அள்ளி வெளியே எடுத்த புண்ணியவான் அவர்தான்.

பல்செட்காரர் என்றால் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன லேபில் உட்கார்ந்து அதற்கேற்ற ஈறும் பல்லும் செய்து அனுப்புவார். நாள் முழுக்க வாய்களோடுதான் வேலை, ஆனால் ஒரு வாயும் பேசாது. அதனாலோ என்னவோ, அவருக்கும் பேச்சு வராது. வீட்டில் சாப்பாடு ஆயிற்றா, கதவைப் பூட்டியாயிற்றா என்பதைத் தாண்டினால் அவரிடம் இருந்த ஒரே விஷயம் மணல்.

கடல்நீர்த் தொட்டி அவர் மனைவியுடையது. பாறையும் பவளமுமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் அவள். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை மணல். மனுஷருக்கு அதுதான் ஆகாது. மீன் தின்ற மிச்சமும் கழிவும் மணலுக்குள் போய் அழுகும், தண்ணீர் கெடும், வெறும் கண்ணாடியாக விட்டால் ஒரு குழாயை வைத்து உறிஞ்சிவிடலாம் என்பது அவர் கட்சி. கடலுக்கு அடியில் கண்ணாடியா பதித்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. தினமும் லேபிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போடுவார். "இந்த மணலை எப்ப எடுக்கப் போறே?" என்று ஆரம்பிப்பார். சாப்பாடு ஆறிப்போகும்வரை அது ஓடும்.

ஒரு தடவை அவருக்கே அலுத்துவிட்டது. இனி இதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளறையில் டி.வி. பார்க்கப் போய்விட்டார். அந்த வாரமே அவள் கடைக்குப் போய் இந்த மஞ்சள் மீனை வாங்கி வந்தாள். "இது மணலுக்குள்ளதான் தூங்கும். இனிமே நீங்க தலைகீழா நின்னாலும் மணலை எடுக்க முடியாது," என்றாள். மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் சாயங்காலம் ஸ்டூல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அதே பேச்சுதான். "நீ வர்றதுக்குள்ள எடுத்துடறேன் பாரு," என்றார். "எடுத்துத்தான் பாருங்களேன்," என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனார்கள். மகளும் போனாள். தனியாக ஸ்டூலில் உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில், "எப்ப எடுக்கப் போறே?" என்று கேட்டுவிட்டார். தொட்டியின் மோட்டார் மட்டும் உர்ரென்றது. அவருக்கு அது தாங்கவில்லை. மறுநாள் லீவு போட்டு மணலை அள்ளி, குழாய்த் தண்ணீரில் அலசி, வாளியில் நிரப்பிப் பால்கனியில் வைத்தார். இத்தனை வருஷத்துச் சண்டையில் ஒருவழியாக ஜெயித்தாயிற்று. அதைச் சொல்லிக்காட்டத்தான் ஆளில்லை.

இப்போது மீன் தூங்காமல் அலைகிறது. அவள் விட்டுப்போன உயிர். அதையும் சாகவிட்டால் நாளைக்கு அவள் படத்தின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

பழகிவிடும் என்று இரண்டு நாள் பார்த்தார். பழகுகிற ஜாதி இல்லை அது. சரி, வீடு முழுக்கக் கம்பளம் எதற்கு, படுக்க ஒரு பாய் போதாதா என்று ஒரு யோசனை வந்தது. பால்கனிக்குப் போனால் வாளி மணல் அழுகிய முட்டை மாதிரி நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி அலசி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி உள்ளே வைத்தார். மீன் ஆசையாகப் பாய்ந்தது. பாதி உடம்புதான் கொண்டது. வால் வெளியே நின்றது. அதற்குள் அலையடிக்கும் மோட்டார் கிண்ணத்து மணலைக் கிளப்பிப் பவளங்கள் மேல் தூவிவிட்டது. அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மோட்டாரை நிறுத்தினார். சற்று நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அடித்துப் பிடித்து மறுபடி போட்டார்.

மகளுக்குப் போன் செய்தார். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றாள் அவள். "அம்மாவையும் யாருக்காவது குடுத்திருக்கலாமே," என்று போனை வைத்துவிட்டார். மகள் என்ன செய்வாள் பாவம், அவளுக்கும் அழுகைதான் வந்திருக்கும்.

கடைசியில் தன் தொழிலே கைகொடுக்கும் என்று முடிவு செய்தார். எவன் பேச்சைக் கேட்டாலும் தொழில் தெரிந்தவன் பேச்சை மட்டும் கேட்கக்கூடாது, அதுவும் அந்தத் தொழில்காரன் நாமாகவே இருந்தால். பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் ரோஸ் கலவையைக் கரைத்து, தொட்டியின் அடி அளவுக்கு ஒரு பலகையாக ஊற்றி, ஈரம் காயுமுன் மேலே மணலைத் தூவி ஒட்டினார். பார்த்தால் மணல், துடைத்தால் தரை. அவளுக்கும் தோல்வி இல்லை, தனக்கும் தோல்வி இல்லை என்று ஒரு கணக்கு.

லேப் முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றரை முழ நீளத்துக்கு ஈறு.

"யாருக்கய்யா இவ்வளவு பெரிய வாய்?"

"வீட்ல ஒருத்தருக்கு," என்றார் பல்செட்காரர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பலகையைத் தொட்டியில் இறக்கியதும் மீன் ஒரு கணம் நின்று பார்த்தது. மணல்தான், சந்தேகமே இல்லை. பல நாள் தூக்கத்தையும் சேர்த்து முழு வேகத்தில் தலைகுப்புறப் பாய்ந்தது. டொக்கென்று ஒரு சத்தம் கண்ணாடிக்கு வெளியேகூடக் கேட்டது. மல்லாந்து, புரண்டு, பயந்து, எகிறி, தொட்டியை விட்டே வெளியே வந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து துடித்தது.

பலகையோடு லேபிலிருந்து வந்திருந்த வாய் அச்செடுக்கும் தட்டு ஒன்று மேசையில் கிடந்தது. அதில் அள்ளித் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனைவி எப்போதும் போகும் மீன்கடைக்கு ஓடினார். போகிற வழியெல்லாம், "போயிடாதே, போயிடாதே," என்று சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னார்.

கடைக்காரப் பெண் டப்பாவை வாங்கி, தண்ணீரைப் பக்குவமாகக் கலந்து, மணல் போட்ட தொட்டி ஒன்றில் மீனை விட்டாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இறங்கியது. மணலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மெல்ல உள்ளே நுழைந்து காணாமல் போனது.

"பொழைச்சுக்கும் சார். தூங்கட்டும்," என்றாள். "அக்கா ஏன் வர்றதே இல்ல?"

அவர் சொன்னார். சொல்ல ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணும்மா. மணல் இருக்கட்டும்னு. ஒரு நாளாவது சரின்னு சொல்லியிருக்கலாம். வந்ததும் வராததுமா மணல், மணல்னு நச்சரிச்சே அவ உயிரை எடுத்துட்டேன். இனிமே அவ இஷ்டப்படியே இருக்கட்டும். புது மணல் போட்டுக் குடு."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் வெட்கப்படாமல் அழுதார்.

மணல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"அக்காவுக்கு மணலே பிடிக்காது சார். கழுவிக் கழுவி முதுகு விட்டுப்போச்சுன்னு வர்றப்பல்லாம் புலம்புவாங்க. எடுத்துடுங்கக்கான்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்கல. மணல்ல தூங்கற மீனாப் பாத்து ஒண்ணு குடுன்னு அவங்களேதான் கேட்டு இந்த மஞ்சளை வாங்கிட்டுப் போனாங்க. ஏங்க்கா தெரிஞ்சே இந்தக் கஷ்டம்னு கேட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'மணலை எடுத்துட்டா, அந்த மனுஷன் எம் பக்கத்துல வந்து உக்காந்து பேச வேற என்னடி இருக்கு?'ன்னாங்க."