எண்ணூறு வயதுப் பொட்டு

உலக வரலாறு முழுவதையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் பலெர்மோவுக்குத்தான் போக வேண்டும். ஃபினீசியர் வந்தார்கள், அராபியர் வந்தார்கள், நோர்மானியர் வந்தார்கள், ஸ்பானியர் வந்தார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக் குகனேஸ்வரியும் வந்து சேர்ந்தாள். முன்னே வந்தவர்கள் மாளிகை கட்டினார்கள். இவள் அதில் ஒன்றின் மிச்சத்தில் வாடகைக்கு இருந்தாள்.

துறைமுகத்தை ஒட்டிய கால்சா வட்டாரத்தில் இருந்த அந்த மாளிகையின் பாதிக் கூரையை உலக யுத்தத்துக் குண்டு கொண்டு போயிருந்தது. அரை நூற்றாண்டாக ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. நிர்வாக மொழியில் இதற்குப் 'பேணல்' என்று பெயர். மழை பெய்தால் மூன்று பிள்ளைகளின் கட்டில்களிலும் பாரபட்சமில்லாமல் ஒழுகும்.

குகனேஸ்வரி கூரை கேட்டு நடையாய் நடந்ததில், 'புராதனச் சுவர் பேணல் சபை' கடைசியில் ஒரு பேராசிரியரை அனுப்பி வைத்தது. அவர் ஒழுக்கைப் பார்க்கவில்லை. கல்லால் ஆன வாசல்நிலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் குகனேஸ்வரி மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைக்கும் நிலை அது.

பேராசிரியர் முழங்காலில் விழுந்தார்.

"நோர்மானியர் காலத்து ஓவியம்!"

"என்னவாம் உந்த மனிசன்?" என்று அவள் கணவன் சிவபாலனைக் கேட்டாள்.

"உம்மட பொட்டுக்கு எண்ணூறு வயசாம்."

"ஐயோ, முந்தநாள்தானே வைச்சனான்! சொல்லுங்கோவன்!"

சிவபாலன் சொன்னான். பேராசிரியர் இரக்கத்தோடு புன்னகைத்தார். "சிஞ்ஞோரா, விஞ்ஞானம் பொய் சொல்லாது."

அடுத்த சனிக்கிழமை விஞ்ஞானம் நான்கு பேராக வந்தது. ஓவியம் முன்னைவிடப் பளபளத்தது! 'தன்னைத் தானே புதுப்பிக்கும் வர்ணம்' என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஓவியத்திலிருந்து வீசும் கறி வாசனை அராபியருடையதா, பைசாந்தியருடையதா என்பதில் மட்டும் இரண்டு அறிஞர்களுக்கிடையே இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தைச் சொன்னால் பலெர்மோக்காரர்களே நம்பமாட்டார்கள். ஒரே மாதம்! கண்ணாடி, கம்பி, செப்புத் தகடு. பொட்டுக்கு மேலே சரியாக ஒரு சாண் அகலத்தில் அருமையான கூரை.

"இனி ஒரு துளி மழை இதைத் தீண்டாது" என்று பேராசிரியர் கண்கலங்கினார்.

"அப்ப பிள்ளையளின்ர கட்டிலுக்கு?" என்றாள் குகனேஸ்வரி.

சிவபாலன் மொழிபெயர்த்தான். பேராசிரியர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துத் தலையாட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அங்கை வரலாற்று முக்கியத்துவம் ஒண்டும் இல்லையாம்."

குகனேஸ்வரி உள்ளே போனாள். மஞ்சளைக் குழைத்தாள். மூன்று பிள்ளைகளையும் இழுத்து நிறுத்தி, நெற்றியில் தடவி, நடுவே குங்குமம் வைத்து, ஈரம் காயுமுன் பேராசிரியர் முன்னால் தள்ளிவிட்டாள்.

"இந்தாங்கோ, இதுகளும் எண்ணூறு வருசத்துச் சாமான். கெதியா எழுதுங்கோ, மழை வருது."