மெயின் சுவிட்சும் மயில் டிசைனும்

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிய ஜெயபாண்டிக்கு, சொந்த வீட்டுக்குள்ளேயே ஓர் எதிரி உட்கார்ந்திருப்பது தெரியாது. அது ஒரு கம்ப்யூட்டர்.

அவர் மனைவி வெங்கடேஸ்வரி, தளவாய்புரத்து நைட்டி கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுப்பவள். சாயந்திரம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பாள்.

"ஏட்டி, செத்த நேரம் பேசிக்கிட்டு இருப்போமே" என்பார்.

"இந்தப் பூவை முடிச்சிட்டு வாரேன்" என்பாள். பூ முடிந்தால் மயில் வரும். மயிலுக்குப் பின்னால் ஒரு மாதம் வரிசையில் நின்று பார்த்தார். பிறகு தாக்குதலில் இறங்கினார். ஆறு இருபதுக்குப் பூனை நடை போட்டுப் பின்பக்கம் போய், மெயின் சுவிட்சை இறக்கினார்.

"போச்சு, கரண்ட் போச்சு!" என்று முதலில் கத்தியதும் அவர்தான்.

"இப்படிப் படக்குன்னு கரண்ட் போனா ஹார்ட் டிஸ்க் போயிரும்ங்க. யூபிஎஸ்ல பேட்டரி செத்து மூணு மாசமாச்சு. எம்புட்டு தடவை சொன்னேன்!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எல்லையில ஜெனரேட்டர் நாளைக்குப் பத்து தடவை நிக்கும், எந்த மிஷின் செத்துச்சு? என் ஹார்ட்டைப் பத்தி என்னைக்காவது கவலைப்பட்டிருக்கியா?"

"உங்க ஹார்ட்ல என்ன டிசைனா இருக்கு?"

ஆனாலும் வாசலில் வந்து உட்கார்ந்தாள். பேசினாள். அவர் காஷ்மீரில் இருந்தபோது அவளுக்குக் கை முறிந்ததை, கடிதத்தில் எழுதாமல் மறைத்ததை, அன்றைக்குத்தான் சொன்னாள். ஜெயபாண்டிக்கு அந்த ஒரு மணி நேரம் இனித்தது. மறுநாளும் இறக்கினார். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. வெங்கடேஸ்வரி திட்டவில்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல எட்வின் கடையில காட்டிட்டு வாங்க" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் போகும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பழைய ஆல்பத்தைக் கரையான் தின்றபோது, மிஞ்சிய படங்களை இதில்தானே ஏற்றிவிட்டு, அரித்த அட்டைகளை எரித்தார்கள்! அதில் ஒன்று, பட்டாளத்தில் சேர்ந்த நாளில் எடுத்தது. மொட்டைத் தலையோடு இவர், பக்கத்தில் பாண்டிச்செல்வம். பனிச்சரிவில் போனவன். அவன் படம் வேறு எங்கேயும் இல்லை.

எட்வின் டிஸ்க்கை ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நான்தான் தம்பி கொன்னுட்டேன்" என்று முன்பின் தெரியாத அந்த மனுஷனிடம் ஜெயபாண்டி எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"கரண்ட் போனா உள்ள எழுதிப் படிக்கிற முள்ளு தன்னால ஒதுங்கிக்கிடும் சார். அந்நேரம் எழுதிக்கிட்டிருந்த ஃபைல்தான் கெடும். ஆனா இது ஒம்பது வருசப் பழசு. தன்னால செத்துச்சா, உங்களால செத்துச்சான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உள்ள இருந்தது வராது, அதை மட்டும் சொல்ல முடியும்."

அடித்துச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"மொத நாளே தெரியும்" என்றாள். "நம்ம வீடு இருட்டு. எதிர்வீட்டுக் காளீஸ்வரி வீட்டுல சீரியல் ஓடுது."

"பொறவு ஏன் கேக்கல?"

"இத்தன வருசத்துல நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசுனது அன்னைக்குத்தான். மறுநாள் காலையிலயே டிசைன் அம்புட்டையும் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்."

"போட்டோவை?"

"டிசைனுக்கே எடம் பத்தல."

பாண்டிச்செல்வத்தைப் பற்றிச் சொன்னார். அவள் முகம் சுண்டிவிட்டது.

"பக்கத்துல நிக்கது யாருன்னு என்னைக்குங்க சொன்னீங்க? தெரிஞ்சிருந்தா ஒரு மயிலை விட்டுட்டு அதை ஏத்தியிருக்க மாட்டேனா?"

அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு லேப்டாப் வருது. கரண்ட் போனாலும் ஆறு மணி நேரம் ஓடுமாம்."