மூணாம் பாகம் எனக்கு வேணும்!

சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பென்னாகரத்துல குடியிருக்கிற அண்ணன்கிட்ட என் புத்தகத்தைத் திருப்பிக் கேக்கணும். ஒரு போன் கால். அவ்வளவுதான்.

அவசரம் ஏன்னா, மறுநாள் தருமபுரியில வாசகர் கூட்டம். போன மாசக் கூட்டத்துல குமரேசன்னு ஒருத்தர், வரலாற்று நூல் தவிர வேறெதையும் கையால தொடாதவர், "விண்வெளிக் கதையெல்லாம் ஒரு புத்தகமாங்க? வரலாறுன்னா ஆதாரம் இருக்கும்"னு சொல்லிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்னு, "அடுத்த தடவை நான் படிக்கிற தொடரோட மூணாம் பாகத்தைக் கொண்டாறேன். வாசிச்சுக் காட்டறேன். அப்புறம் பேசுங்க!"ன்னு சவால் விட்டுட்டேன்.

அந்த மூணாம் பாகம்தான் மூணு மாசமா அண்ணன் வூட்டுல கெடக்குது.

காலேஜ் முடிஞ்சு நல்லம்பள்ளி பஸ்ல ஏறி போன் போட்டேன். வழக்கம்போல, "அப்புறம் பாக்கலாம் பாப்பா"ன்னான். பஸ் இரைச்சல் வேற. கத்தினேன்.

"மொதல் ரெண்டு பாகத்தையும் நீயே அமுக்கிட்ட! மூணாம் பாகமாவது எனக்கு வேணும்! நாளைக்குப் பத்துப் பேர் முன்னாடி பேசியாகணும்!"

முன் சீட்டுல எங்க தெரு லூர்து அக்கா. திரும்பிப் பார்த்தாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை.

ஊர்ல இறங்கி, ஜெராக்ஸ் கடையில அரை மணி நேரம் நின்னுட்டு வூட்டுக்குப் போறேன். அப்பா கட்டில்மேல நிலப் பத்திரத்தை விரிச்சு வெச்சு உக்காந்திருக்கார். பக்கத்துல அம்மா, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு.

"ஏம்மா, இருக்கிறதே ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அதுல மூணுல ஒரு பாகம் உனக்கு வேணுமாமே? லூர்து சொல்லிட்டுப் போவுது. பஸ்ஸுல வெச்சா கேப்பே?"

"ஐயோ, அது புத்தகம்ப்பா! மொதல் ரெண்டு பாகம் பூமியில நடக்குது. மூணாவது செவ்வாயில!"

"செவ்வாய்க்கிழமையேவா?" அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "பாரு, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நாளே குறிச்சிட்டா!"

"கிழமை இல்லப்பா, கிரகம்!"

"ஆமா, எல்லாம் எங் கெரகம்தான்!"னு அம்மா விம்மினாங்க.

பத்து நிமிஷம் உயிரைக் கொடுத்து விளக்கினேன். ஒருவழியா அப்பாவுக்குப் புரிஞ்சுது. விழுந்து விழுந்து சிரிச்சார்.

"அதானே பார்த்தேன்! பொட்டப்புள்ளைக்கு நெலத்துல ஏது பாகம்?"

அங்கதான் எனக்குச் சுருக்குன்னு தைச்சுது.

"ஏன்ப்பா இல்ல? சட்டமே இருக்கு!"

"அப்ப லூர்து சொன்னது நெசந்தான்!"னு அம்மா அண்ணனுக்குப் போனைப் போட்டாங்க.

மூணு மாசமா அசையாதவன், ஒரு மணி நேரத்துல பைக்ல வந்து நின்னான். கையில பை.

"இந்தா பாப்பா, உன் மூணாம் பாகம். மொதல் ரெண்டையும் நீயே வெச்சுக்க. நெலத்தை மட்டும் விட்டுடு."

மூணையும் வாங்கிக்கிட்டேன். நெலத்தைப் பத்தி இன்னும் பதில் சொல்லலை.